பதினோரு வருடம் வார்டில் நின்ற டிப்ளோமா தாதி இப்போது டிகிரி படிக்கலாமா?

மலேசியாவில், பினாங்கின் பட்டர்வொர்த்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் மெடிக்கல் வார்டில் வேலை செய்யும் சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது. டிப்ளோமா முடித்துப் பதினோரு வருடம். வயது 34. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். வார்டுக்குப் புதிதாக வரும் தாதிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது பிடிக்கும் என்கிறார். ‘வேலை செய்துகொண்டே ஒரு வருடத்தில் டிகிரி’ என்று அமெரிக்கப் பல்கலைக்கழக விளம்பரங்கள் கைப்பேசியில் வந்துகொண்டே இருக்கின்றனவாம். உள்ளூரிலும் பகுதிநேரப் படிப்பு இருக்கிறது. கூட வேலை செய்பவர்களோ ‘டிகிரியை விடு, போஸ்ட் பேசிக் (டிப்ளோமாவுக்குப் பிறகு ஒரே துறையில் எடுக்கும் சிறப்புப் பயிற்சி) போ’ என்கிறார்கள். எதை எடுப்பது என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில் ‘இனிமேல் படித்து என்ன ஆகப் போகிறது என்று வீட்டில் கேட்கிறார்கள்’ என்றும் எழுதியிருக்கிறார். அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. சில வருடத் தூக்கத்தையும் ஒரு பெருந்தொகையையும் கொடுத்தால் என்ன திரும்பக் கிடைக்கும், அது எனக்கு வேண்டியதுதானா என்பதைத்தான் அவர் கேட்கிறார்.

நான் கோலாலம்பூரில் வார்டில் வேலை பார்த்துவிட்டு, பிறகு தாதியர் கல்லூரியில் கற்பிக்க வந்தவள். ஷிப்ட் வேலை செய்துகொண்டே டிகிரி முடித்த பலருக்கு அசைன்மென்டிலும் கடைசி வருட ஆய்விலும் துணை நின்றிருக்கிறேன். பாதியில் விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். என் அனுபவம் தனியார் பக்கத்தது. அரசாங்கப் பக்கத்து நடைமுறைகளை என் மாணவிகள் வழியாகத்தான் அறிவேன், அதனால் அதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த அமெரிக்க விளம்பரங்களை ஒதுக்கிவிடலாம். அமெரிக்காவில் ஏராளமான தாதிகள் சமூகக் கல்லூரிகளில் இரண்டு வருட அசோசியேட் டிகிரி முடித்து, லைசென்ஸ் தேர்வு எழுதி வேலைக்கு வருகிறார்கள். அவர்கள் மீதிப் பாடங்களை முடித்து இளங்கலைப் பட்டம் வாங்குவதற்காக அமைந்த படிப்புதான் அந்த ஒரு வருடப் படிப்பு. அங்கே அதற்கு இவ்வளவு கூட்டம் இருப்பதற்குக் காரணம் உண்டு. 2020-க்குள் தாதியரில் 80 சதவீதம் பேர் இளங்கலைப் பட்டதாரிகளாக வேண்டும் என்று 2010-ல் அமெரிக்காவின் மருத்துவ ஆலோசனை அமைப்பான இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் ஓர் அறிக்கையில் பரிந்துரைத்தது. 2017-ல் நியூயார்க் மாநிலம், புதிதாகப் பதிவு பெறும் தாதிகள் பத்து வருடத்துக்குள் இளங்கலை முடிக்க வேண்டும் என்று சட்டமே போட்டது. அந்த நெருக்கடி அந்த ஊரினுடையது. அதோடு, பெரும்பாலான அந்தப் படிப்புகளில் சேர அமெரிக்க மாநிலம் ஒன்றின் தாதியர் லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். மலேசியப் பதிவை வைத்துக்கொண்டு விண்ணப்பித்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். எப்படியாவது சேர்த்துக்கொள்கிறோம் என்று யாராவது சொன்னால், பணம் கட்டுவதற்கு முன் இன்னும் அதிகமாக விசாரிக்க வேண்டும் என்று அர்த்தம்.

இனி நம் ஊருக்கு வருவோம். மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் எட்டு நிலைகள் உண்டு. டிப்ளோமா நான்காவது நிலை, டிப்ளோமா லஞ்சுத்தான் என்னும் உயர் டிப்ளோமா ஐந்தாவது, இளங்கலைப் பட்டம் ஆறாவது. நீங்கள் ஏற்கெனவே தாதியர் சட்டம் 1950-ன் கீழ், தாதியர் வாரியத்தில் பதிவு பெற்ற தாதி. டிகிரி முடித்தாலும் அந்தப் பதிவில் எதுவும் மாறாது. வருடா வருடம் ஏபிசி என்னும் பணிச் சான்றிதழைப் புதுப்பிப்பதும், அதற்கான சிபிடி (தொடர் தொழில்முறைப் பயிற்சி) புள்ளிகள் சேர்ப்பதும் அப்படியேதான். ‘டிகிரி இல்லாவிட்டால் இனி லைசென்ஸ் கிடைக்காது’ என்று வார்டில் அவ்வப்போது கிளம்பும் பேச்சை நம்பிப் பதறி அடித்துக்கொண்டு எங்கும் சேராதீர்கள். பயத்தில் சேர்ந்தவர்கள்தான் இரண்டாவது செமஸ்டரில் விட்டுவிட்டுப் போகிறார்கள், அதை நிறையப் பார்த்துவிட்டேன்.

பதிவு பெற்ற தாதிகளுக்கான டிகிரி நம் நாட்டுக்குப் புதிதும் இல்லை. மலாயாப் பல்கலைக்கழகம் 1993-லேயே அதை ஆரம்பித்துவிட்டது. இன்று வேலையை விடாமல் படிக்க நினைப்பவர்கள் அதிகம் போவது மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், ஓயுஎம் என்று சொல்வோமே, அங்கேதான். அதற்குப் பினாங்கிலும் கற்றல் மையம் இருக்கிறது. இவை தவிரத் தனியார் பல்கலைக்கழகங்களும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து உள்ளூர்க் கல்லூரிகள் நடத்தும், டிப்ளோமாவின் மேல் மீதியைப் படித்துப் பட்டம் வாங்கும் டாப்-அப் படிப்புகளும் உண்டு. எதுவானாலும் ஒரு வேலையை மட்டும் தவறாமல் செய்யுங்கள். எம்கியூஏ என்னும் மலேசியத் தகுதி நிறுவனத்தின் இணையதளத்தில் மலேசியத் தகுதிப் பதிவேடு இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயரைத் தட்டி, நீங்கள் சேரப் போகும் அதே படிப்பின் முழுப் பெயரும், முழுநேரமா பகுதிநேரமா என்பதும், எந்த வளாகம் என்பதும் அதில் வருகிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகம் பெரியது, பெயர் பெற்றது என்பது மட்டும் போதாது, அந்தப் படிப்பு அதில் இருக்க வேண்டும். அரசாங்க வேலை பற்றி எண்ணம் இருந்தால் ஜேபிஏ என்னும் பொதுச் சேவைத் துறையின் அங்கீகாரத்தையும் தனியாகச் சரிபாருங்கள்.

சரி, போஸ்ட் பேசிக்கா டிகிரியா? இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதால்தான் இத்தனை குழப்பம். போஸ்ட் பேசிக் ஒரு துறையில் உங்கள் கையை ஆழமாக்குகிறது. ஐசியூ, டயாலிசிஸ், அறுவை அரங்கு, பச்சிளங் குழந்தைப் பராமரிப்பு, பேறுகாலம் என்று ஒன்றை எடுத்து, ஆறு மாதமோ ஒரு வருடமோ படித்து, அதே துறையில் வேலை பார்க்கிறீர்கள். பெரும்பாலான தனியார் மருத்துவமனைகளில் அதற்கென்று மாதாமாதம் தனிப்படி உண்டு. முடித்த மாதத்திலிருந்தே வீட்டில் தெரியும் பணம் அது. டிகிரி அப்படி உடனே பணமாக மாறாது. பல இடங்களில் டிகிரி முடித்த தாதியும் முடிக்காத தாதியும் அதே வார்டில் அதே வேலையைத்தான் செய்கிறார்கள். கூட வேலை செய்பவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஐசியூ கட்டிலருகே கடைசி வரை நிற்பதுதான் விருப்பம் என்று ஒருவர் என்னிடம் வந்தால் நானும் முதலில் போஸ்ட் பேசிக் போகத்தான் சொல்வேன்.

டிகிரி தேவைப்படும் இடங்கள் வேறு. கற்பிப்பது அதில் முதலாவது. டிப்ளோமா மாணவர்களுக்கு விரிவுரையாளராக நிற்க வேண்டுமானால் அதற்கு மேல்நிலைத் தகுதி, அதாவது குறைந்தது இளங்கலைப் பட்டம் வேண்டும். டிகிரி மாணவர்களுக்குக் கற்பிக்க முதுகலை வேண்டும், முதுகலைக்குள் நுழைய மறுபடியும் இந்த இளங்கலைதான் வாசல். அடுத்தது நிர்வாகம். யூனிட் மேனேஜர், நோய்த்தொற்றுக் கட்டுப்பாடு, தரக் கண்காணிப்பு, மருத்துவமனைக்குள் பயிற்சி தரும் பிரிவு போன்ற இடங்களுக்கு இப்போது விளம்பரம் வரும்போது டிகிரி உள்ளவர்களுக்கு முன்னுரிமை என்று போடுகிறார்கள். அரசாங்கத்தில் டிப்ளோமாத் தாதி முன்பு யு29 சம்பள நிலை, 2024 டிசம்பரில் வந்த புதிய சம்பளத் திட்டத்தில் யு5. டிகிரி நிலைப் பதவி முன்பு யு41, இப்போது யு9. ஆனால் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்த மறுநாள் நிலை மாறிவிடாது. காலியிடம் வர வேண்டும், நேர்முகத்தில் தேற வேண்டும். அங்கே இருப்பவர்கள் பகுதிநேரத்தில் இறங்குவதற்கு முன், சம்பளத்தோடு படிப்பு விடுப்புத் தரும் ஹடியா லத்திஹான் திட்டத்துக்குத் தகுதி உண்டா என்று கேட்டுவிடுவது நல்லது.

வெளிநாட்டு ஆசையில் சேர்கிறவர்கள் பலர். நாட்டுக்கு நாடு கணக்கு மாறுகிறது. சிங்கப்பூரில் டிப்ளோமாவோடே பதிவு பெற்ற தாதியாகலாம், டிகிரி கட்டாயமில்லை. சவூதியில் டிப்ளோமாவுக்கு டெக்னீசியன் நிலை, டிகிரிக்கு ஸ்பெஷலிஸ்ட் நிலை, சம்பளமும் அதற்கேற்ப. ஆஸ்திரேலியா இளங்கலை நிலையை எதிர்பார்க்கிறது. ஆனால் டிப்ளோமாவின் மேல் கட்டிய டாப்-அப் பட்டத்தை அவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பது ஆளுக்கு ஆள், படிப்புக்குப் படிப்பு மாறக்கூடியது. அவர்களுடைய பதிவு அமைப்பான ஆப்ராவின் தளத்தில் நமக்கு நாமே சரிபார்த்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதில் விவரங்களைப் போட்டுப் பார்த்த பிறகே கட்டணம் கட்டுங்கள். ‘இந்த டிகிரி முடித்தால் ஆஸ்திரேலியா போகலாம்’ என்று சேர்க்கை அதிகாரி வாயால் சொல்வதை ஒரு உறுதிமொழியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

டிகிரி படித்த தாதி இருந்தால் நோயாளிக்கு நல்லதா என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அது முக்கியம். அமெரிக்க ஆய்வாளர் லிண்டா ஐக்கனும் குழுவினரும் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் அறுவை நோயாளிகளைப் பார்த்து 2003-ல் வெளியிட்ட ஆய்வில், பட்டதாரித் தாதிகளின் பங்கு பத்து சதவீதம் கூடும்போது, முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு ஐந்து சதவீதம் குறைந்திருந்தது. 2014-ல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில் பார்த்தபோது அதே பத்து சதவீதக் கூடுதலுக்கு ஏழு சதவீதக் குறைவு. அதே ஐரோப்பிய ஆய்வில், ஒரு தாதியின் கையில் கூடுதலாக ஒரு நோயாளி சேர்ந்தால் இறப்பு வாய்ப்பு ஏழு சதவீதம் ஏறியது என்பதும் இருக்கிறது. பட்டதாரிகள் கூடுவதும் இறப்பு குறைவதும் சேர்ந்து நடக்கின்றன என்பதுதான் இந்த எண்களிலிருந்து உறுதியாகத் தெரிகிறது. பட்டம்தான் காப்பாற்றியது என்று அவை நிரூபிக்கவில்லை. நிறையப் பட்டதாரிகளை எடுக்கும் மருத்துவமனை வேறு பல விஷயங்களையும் சரியாகச் செய்யும் மருத்துவமனையாக இருக்கலாம். இவை நம் வார்டுகளில் எடுத்த கணக்கும் அல்ல. ஆனாலும் ஒரு தாதிக்கு எட்டு நோயாளியா, பன்னிரண்டு நோயாளியா என்பதைப் பேசாமல் டிகிரியை மட்டும் பேசும் மருத்துவமனை, அந்த ஆய்வில் பாதியைத்தான் படித்திருக்கிறது.

டிகிரியில் அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்பதற்கு உங்கள் மெடிக்கல் வார்டிலிருந்தே ஓர் உதாரணம் எடுக்கிறேன். பக்கவாதத்தோடு வந்த முதியவருக்கு அட்மிஷனில் படுக்கைப்புண் அபாயத்தை அளக்கும் பிரேடன் ஸ்கேல் போடுகிறீர்கள். உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, சாப்பாடு, உராய்வு என்று ஆறு கட்டம். கூட்டினால் 6-லிருந்து 23 வரை வரும். 18 அல்லது அதற்குக் கீழே என்றால் படுக்கைப்புண் அபாயம் என்று குறித்து, இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் படுக்க வைக்கும் சார்ட்டைத் தொங்க விடுகிறீர்கள். பதினோரு வருடமாகச் செய்வதால் கை தானாகவே எழுதும். டிகிரி வகுப்பில் ஆசிரியர் கேட்பார்: ஏன் 18? அதைத் தேடிப் போனால், பார்பரா பிரேடனும் நான்சி பெர்க்ஸ்ட்ரோமும் 1987-ல் இந்த அளவுகோலை வெளியிட்டபோது வெட்டுப்புள்ளி 16 என்றும், பிறகு வேறு வகை நோயாளிகளிடம் பார்த்தபோது 18-க்கு ஏற்றினார்கள் என்றும் தெரியவரும். அப்போதுதான், இந்த எண் யார் யாரிடம் சோதிக்கப்பட்டது, என் வார்டில் படுத்திருப்பவருக்கு இது எவ்வளவு பொருந்தும் என்ற கேள்வி உங்களுக்கே எழும்.

அடுத்த கேள்வி இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. படுக்கைப்புண்ணின் முதல் நிலையை, விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு என்று டிப்ளோமாவில் படித்திருப்பீர்கள். நம் தாத்தா பாட்டிகளின் கறுத்த தோலில் அந்தச் சிவப்பு எங்கே தெரியும்? தெரியாது. பக்கத்துத் தோலைவிடக் கருநீலமாகவோ கூடுதல் கறுப்பாகவோ இருக்கலாம். தொட்டால் சூடாகவோ குளிர்ச்சியாகவோ, கெட்டியாகவோ மெத்தென்றோ இருக்கலாம். அந்த இடம் வலிக்கிறது என்று அவர் சொல்லலாம். இடுப்பெலும்பின் மேல் புறங்கையை வைத்து, பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். என் மாணவி ஒருத்தி இதை அசைன்மென்டாக எழுதினாள். எழுதி முடித்ததோடு விடாமல், ஷிப்ட் மாறும் பாஸ் ஓவர் நேரத்தில் இரண்டு நிமிடம் எடுத்து வார்டு முழுவதற்கும் சொன்னாள். அவள் வார்டின் பரிசோதனைத் தாளில் ‘தொட்டுப் பார்த்ததா’ என்று ஒரு கட்டம் கூடுதலாக வந்தது. சம்பளப் பட்டியலில் அது ஏறவில்லை. ஆனால் டிகிரி என்ன செய்யும் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் கட்டம்தான்.

இப்போது நேரக் கணக்கு. விளம்பரங்கள் சொல்லாததும், படிப்பைப் பாதியில் நிறுத்துவதும் இதுதான். நம் நாட்டில் ஒரு கிரெடிட் என்றால் நாற்பது மணி நேரக் கற்றல். வகுப்பு, வாசிப்பு, அசைன்மென்ட், தேர்வுக்குத் தயாராவது எல்லாம் சேர்த்து. மூன்று கிரெடிட் பாடம் ஒன்று 120 மணி நேரம், பதினைந்து வாரச் செமஸ்டரில் வாரத்துக்கு எட்டு மணி நேரம். இரண்டு பாடம் எடுத்தால் வாரம் பதினாறு, மூன்று எடுத்தால் இருபத்து நான்கு. இளங்கலைக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். உங்கள் டிப்ளோமாவுக்காக அதில் ஒரு பகுதியைக் கழிப்பார்கள். எவ்வளவு கழிப்பார்கள் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடும். கழித்தது போக 80 கிரெடிட் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு மூன்று செமஸ்டர், செமஸ்டருக்கு இரண்டு பாடம் என்றால் வருடம் 18 கிரெடிட், முடிக்க நான்கரை வருடம். மூன்று பாடமாக எடுத்தால் மூன்று வருடம். மூன்று ஷிப்டும் மாறி மாறிச் செய்துகொண்டு, வாரம் இருபத்து நான்கு மணி நேரம் படிப்புக்கு ஒதுக்க இரண்டு பிள்ளைகளின் தாயால் முடியுமா? சிலரால் முடிந்திருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு முடியவில்லை. அதனால்தான் கழிக்கும் கிரெடிட் எவ்வளவு என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் வாங்கச் சொல்கிறேன். 24 கிரெடிட் கூடுதலாகக் கழித்தால் உங்கள் வாழ்க்கையில் ஒரு வருடத்துக்கு மேல் மிச்சம்.

பாதியில் நின்றவர்களில் பாடம் புரியாமல் நின்றவர்கள் குறைவு. ரோஸ்டரால், அதாவது ஷிப்ட் அட்டவணையால், நின்றவர்களே அதிகம். சனிக்கிழமை காலை வகுப்பு, வெள்ளி இரவு நைட் ஷிப்ட். ஒரு தடவை சமாளிக்கலாம், ஒரு செமஸ்டர் முழுக்க முடியாது. எனவே விண்ணப்பப் படிவத்துக்கு முன் தாதியர் தலைவியான மேட்ரனைப் பாருங்கள். வகுப்பு நாட்களின் அட்டவணையைக் கையில் கொண்டுபோய், இந்த நாட்களுக்கு முந்தின இரவு நைட் போடாமல் இருக்க முடியுமா, தேர்வு வாரத்தில் வருடாந்திர விடுப்பு எடுக்கலாமா என்று கேளுங்கள். வாயால் ‘பார்க்கலாம்’ என்றால் போதாது, ஒரு மின்னஞ்சலாவது வேண்டும். யூனிட் மேனேஜர் மாறிப் போவார், மின்னஞ்சல் இருக்கும். அதோடு வார்டுத் தோழிகளிடமும் பேசுங்கள். சீனப் புத்தாண்டுக்கும் ஹரி ராயாவுக்கும் அவர்களுக்காக நீங்கள் நிற்பதும், தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் உங்களுக்காக அவர்கள் நிற்பதும் பினாங்கில் காலம் காலமாக நடப்பதுதானே. அந்தக் கணக்கில் இனி தேர்வு நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நைட் முடித்து வந்த காலையில் மட்டும் அசைன்மென்ட் எழுத உட்காராதீர்கள். அப்போது மூன்று மணி நேரம் எடுக்கும் பக்கம், தூங்கி எழுந்தால் ஒரு மணி நேரத்தில் முடியும். தூக்கமில்லாமல் மறுநாள் மருந்து கொடுப்பது நோயாளிக்கும் ஆபத்து.

அடுத்த தடை ஆங்கிலம். வார்டில் ரிப்போர்ட் எழுதும் ஆங்கிலம் வேறு, இரண்டாயிரம் சொல்லில் ஒரு வாதத்தை நிறுத்தும் ஆங்கிலம் வேறு. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி மலாயில் எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) எழுதி வந்த பலருக்கு முதல் செமஸ்டர் இங்கேதான் கடினம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் சொல்லிக்கொடுக்கும் வழி இது. முதலில் ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தைப் படித்துவிட்டு, அதை மூடி வைத்து, பக்கத்தில் இருப்பவருக்குத் தமிழிலோ மலாயிலோ வாயால் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் புரிந்துவிட்டது. பிறகு எழுதுங்கள், தானாகவே உங்கள் வாக்கியம் வரும். அதைச் செய்ய நேரமில்லை என்று ‘அசைன்மென்ட் எழுதித் தருகிறோம்’ என்று சொல்பவர்களிடம் பணம் கொடுப்பவர்களும் உண்டு. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். மாட்டினால் படிப்பே போய்விடும் என்பது ஒரு காரணம். மாட்டாவிட்டாலும், கடைசி வருட ஆய்வில் உட்காரும்போது கையில் எதுவும் இருக்காது.

அந்த ஆய்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுகாதார அமைச்சின் மருத்துவமனையில் தரவு எடுப்பதாக இருந்தால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்க வேண்டும். தனியார் மருத்துவமனைக்கும் அதனதன் அனுமதி உண்டு. இது வாரக் கணக்கில் இழுக்கும். தலைப்பைக் கடைசி வருடத்துக்கு முன்பே யோசித்து, உங்கள் சொந்த மருத்துவமனைக்குள்ளேயே, வினாத்தாள் ஒன்றோடு முடியக்கூடியதாக வைத்துக்கொண்டால் ஒரு செமஸ்டர் வீணாகாது.

பணத்துக்கு வருவோம். ஒரு பாடத்துக்கு இவ்வளவு என்று சொல்லும் கட்டணத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பதிவுக் கட்டணம், தேர்வுக் கட்டணம், ஒரு பாடத்தில் தவறினால் மறுபடி எடுக்க எவ்வளவு, ஒரு செமஸ்டர் நிறுத்தி வைத்தால் அதற்குக் கட்டணம் உண்டா, பட்டமளிப்புக்கு எவ்வளவு என்று எல்லாம் சேர்த்து ஒரு மொத்தத் தொகை கேளுங்கள். இபிஎஃப் என்னும் ஊழியர் சேமநிதியில் கல்விக்காகப் பணம் எடுக்கலாம். 2024 மே மாதத்திலிருந்து கணக்கு மூன்றாகப் பிரிந்த பிறகு, அந்தப் பணம் அகாவுன் செஜாஹ்தெரா என்ற பிரிவிலிருந்து வருகிறது. என் கருத்தில் அது கடைசி வழியாக இருக்கட்டும், 55 வயதில் உங்களுக்கு வேண்டிய பணம் அது. சுயகல்விக்கு வருடத்துக்கு ஏழாயிரம் வெள்ளி வரை வரிக்கழிவு உண்டு. இளங்கலை நிலையில் குறிப்பிட்ட துறைகளுக்கு மட்டுமே அது பொருந்தும் என்பதால், உங்கள் படிப்பு அதில் வருகிறதா என்று வருமான வரி வாரியத்தில் கேட்டு, ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். மருத்துவமனையே கட்டணம் தருகிறது என்றால் பாண்ட் என்னும் கட்டாயப் பணிக்கால ஒப்பந்தப் பத்திரத்தை வரி வரியாகப் படியுங்கள். எத்தனை வருடம், எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறார்கள், இடையில் போனால் முழுத் தொகையா மீதி மாதங்களுக்கு மட்டுமா என்ற மூன்றும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். கூடவே எச்ஆரிடம் ஒரு நேர்க் கேள்வி: ‘டிகிரி முடித்து வந்தால் சம்பளத்தில் என்ன மாறும்?’ ஒரு மருத்துவமனையில் ஒரு தொகை கூடும், இன்னொன்றில் ஒன்றுமே கூடாது. உங்கள் இடத்தில் என்ன என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். ‘என்ன ஆகப் போகிறது’ என்று கேட்பவர்களிடம் அந்தத் தாளை வைத்துப் பேசினால் பேச்சு வேறு மாதிரிப் போகும்.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். 34 தாமதம் இல்லை. சொல்லப்போனால், டிப்ளோமா முடித்த கையோடு டிகிரிக்கு வரும் பிள்ளைகளைவிட உங்களைப் போன்றவர்களுக்கே தலைமைத்துவப் பாடமும் நெறிமுறைப் பாடமும் சீக்கிரம் புரிகிறது, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் உங்களிடம் ஒரு நோயாளியின் முகம் இருக்கிறது. புள்ளியியல்தான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், அதை மட்டும் தனியாக ஒரு செமஸ்டரில் எடுங்கள். வீட்டில் பிள்ளைகளில் ஒருவருக்கு எஸ்பிஎம் வருடம் குறுக்கே வந்தால் அந்தச் செமஸ்டரை நிறுத்தி வைக்கலாம். அதற்கு அனுமதி உண்டா, எத்தனை வருடத்துக்குள் மொத்தமும் முடிக்க வேண்டும் என்பதையும் சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

உங்கள் விஷயத்தில் என் முடிவு என்ன என்று கேட்டால், டிகிரியே போங்கள் என்பேன். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது பிடிக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கம் போக இளங்கலை இல்லாமல் முடியாது. டயாலிசிஸ் அல்லது ஐசியூ மேல் உங்களுக்கு ஆசை இருப்பதாக ஒரு வார்த்தையும் இல்லை. வெறும் தனிப்படிக்காகப் போஸ்ட் பேசிக் எடுத்து, பிடிக்காத துறையில் பாண்டோடு மாட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் அடுத்து வரும் சேர்க்கையிலேயே குதிக்காதீர்கள். முதலில் பதிவேட்டில் படிப்பைச் சரிபாருங்கள். பிறகு கிரெடிட் கழிவு, மொத்தக் கட்டணம், எச்ஆர் பதில், மேட்ரன் பதில் நான்கும் கைக்கு வரட்டும். வந்த பிறகு முதல் செமஸ்டரில் ஒரே ஒரு பாடம் எடுங்கள், விதிமுறை இரண்டு எடுக்கச் சொன்னால் இரண்டு. அதற்கு மேல் வேண்டாம். மேட்ரன் என்ன சொன்னார் என்று இங்கேயே எழுதுங்கள். பாடப் பட்டியலும் உங்கள் இரண்டு மாத ரோஸ்டரும் இருந்தால், எதை எந்தச் செமஸ்டரில் எடுப்பது என்று சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.